ஸ்டிக்கரில் ஒரு 4070, மேசையில் ஒரு 4070

லெப்டொப்பின் மூலையில் ஆர்.டி.எக்ஸ் 4070 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டெஸ்க்டொப்புக்கு விற்கிற என்விடியா கம்பனியின் கிராபிக்ஸ் கார்டின் பெட்டியிலும் ஆர்.டி.எக்ஸ் 4070 என்றுதான் இருக்கும். உள்ளே இருக்கும் சிப் மட்டும் வேறு. காசைக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சேர்த்த காசு அது. அதனால் இந்த விஷயத்தை ஆறுதலாக ஒருமுறை எழுதிவைக்கிறேன்.

நான் மட்டக்களப்பு, கல்லடியில் இருந்துகொண்டு வீட்டுப் பிளான்களுக்கு முப்பரிமாணப் படம் செய்து கொடுக்கிறவள். வளவு களுவாஞ்சிகுடியிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கும், வளவுக்காரர் சுவிஸிலோ கட்டாரிலோ இருப்பார். மேசன்மார் அத்திவாரம் வெட்ட முதல் முகப்பு எப்படி வரும், ஓடு போட்டால் எப்படி, சிலாப் போட்டால் எப்படி, பின்னேர வெயில் விறாந்தையில் எதுவரைக்கும் ஏறும் என்று பார்க்க ஆசைப்படுவார். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அந்த வீட்டைக் கட்டி, அதிலுள்ள சைக்கிள்ஸ் ரெண்டரில் படம் எடுத்து அனுப்புவது என் வேலை. வெளிச்சம் எந்தச் சுவரில் பட்டு எங்கே தெறிக்கிறது என்று கோடிக்கணக்கான கதிர்களைக் கணக்குப் பார்த்துத்தான் அந்தப் படம் வருகிறது. அந்தக் கணக்கு முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் தலையில். மேசையில் ஒரு டெஸ்க்டொப் 4070 வைத்திருக்கிறேன். ஆட்களின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட ஒரு லெப்டொப் 4060. ஒரே பைலை இரண்டிலும் ஓடவிடுவது எனக்கு அன்றாடம் நடக்கிற காரியம்.

அண்ணாவின் மகளுக்கு மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் இந்தப் படிப்புக்குப் போகிற முதல் பிள்ளை. அண்ணா ஒரு லெப்டொப் விளம்பரத்தை வட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, நான் அதைத் திறக்க முதலே கோல் எடுத்தார்.

"தங்கச்சி, இதிலயும் 4070 எண்டுதான் கிடக்கு. உன்ட மெசினிலயும் அதுதானே? அப்ப ரெண்டும் ஒரே வேகம்தானே?"

இல்லை அண்ணா என்று சொல்லிவிட்டு விளக்கத் தொடங்கினேன். போனில் சொல்ல முடிந்தது கொஞ்சம். மிச்சம் இங்கே.

டெஸ்க்டொப் 4070 வந்தது 2023 ஏப்ரலில். ஏ.டி.104 என்ற சிப். 5888 கோர்கள் (கணக்குப் பார்க்கிற சின்னச் சின்ன அலகுகள்), 12 ஜிபி மெமரி, மெமரிக்குப் போகும் பாதை 192 பிட் அகலம். முழு வேகத்தில் ஓடும்போது 200 வொட் எடுக்கும். லெப்டொப் 4070 ஏ.டி.106 என்ற சிறிய சிப்பில் செய்தது. அதில் 4608 கோர்கள், 8 ஜிபி மெமரி, 128 பிட் பாதை. மின்சாரம் 35 வொட்டிலிருந்து 115 வொட் வரை எவ்வளவும் இருக்கலாம், எவ்வளவு என்பதை லெப்டொப் செய்கிற கம்பனி முடிவெடுக்கும். அதே ஏ.டி.106 சிப் டெஸ்க்டொப் பக்கத்தில் 4060 டிஐ என்ற பெயரில் விற்கிறது. ஆகவே அண்ணா அனுப்பிய விளம்பரத்தில் இருந்த கார்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தால், அதன் இடம் 4060 டிஐக்குப் பக்கத்தில்.

மேலே ஏற ஏற இந்த இடைவெளி பெருக்கிறது. டெஸ்க்டொப் 4090இல் 16384 கோர்கள், 24 ஜிபி, 450 வொட். லெப்டொப் 4090இல் 9728 கோர்கள், 16 ஜிபி. அந்த 9728 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது டெஸ்க்டொப் 4080இன் சிப். அடுத்த தலைமுறையிலும் கதை மாறவில்லை. டெஸ்க்டொப் 5090இல் 21760 கோர்கள், 575 வொட். லெப்டொப் 5090இல் 10496. பாதியும் இல்லை. பெயரில் இருக்கும் எண் மட்டும் ஒன்று. பெட்டியில் "லெப்டொப் ஜிபியு" என்று சின்னதாக ஒரு வால் சேர்த்திருப்பார்கள், கடை விளம்பரத்துக்கு வரும்போது அந்த வால் காணாமல் போய்விடும்.

ஒரு காலத்தில் இது இவ்வளவு குழப்பமாக இருக்கவில்லை. 2016க்கு முன்னால் லெப்டொப் கார்டுகளுக்குப் பெயருக்குப் பின்னால் எம் என்ற எழுத்து இருந்தது. 970எம், 980எம் என்று வரும். பார்த்தவுடனே இது வேறு சாமான் என்று தெரியும். 2016இல் 10 தொடர் வந்தபோது என்விடியா அந்த எம்மை எடுத்துவிட்டது. அப்போது அதற்கு நியாயமும் இருந்தது. லெப்டொப் 1060இலும் டெஸ்க்டொப் 1060இலும் 1280 கோர்கள்தான். லெப்டொப் 1070இல் டெஸ்க்டொப்பை விடக் கூடவே இருந்தது, 1920க்குப் பதிலாக 2048. வேகமும் கிட்டக் கிட்ட வந்தது. 2017இல் மெல்லிய லெப்டொப்களுக்கு மக்ஸ்-கியூ என்று குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகையைக் கொண்டுவந்தார்கள். அப்போதும் பெயரில் மக்ஸ்-கியூ என்று எழுதியிருந்ததால் வாங்குகிறவருக்கு ஒரு அடையாளம் இருந்தது. 2021இல் 30 தொடரோடு அந்த அடையாளமும் பெயரிலிருந்து போய்விட்டது.

இதே வருடங்களில் டெஸ்க்டொப் கார்டுகள் குடிக்கிற மின்சாரம் எகிறிப்போனது. 2016இல் 1080 என்ற பெரிய கார்டுக்கு 180 வொட் போதும். 2020இல் வந்த 3080க்கு 320 வொட். 2022 ஒக்டோபரில் வந்த 4090க்கு 450 வொட். மேசையில் இருக்கும் பெட்டிக்குள் மூன்று காற்றாடி வைத்து, செங்கல் அளவுக்கு அலுமினியம் வைத்து இந்தச் சூட்டை வெளியே தள்ளலாம். இரண்டு சென்டிமீட்டர் தடிப்பான லெப்டொப்புக்குள் அந்த வித்தை நடக்காது. கார்டுக்கு 150 வொட், பிழிந்து எடுத்தால் 175 வொட், அதோடு எல்லை. டெஸ்க்டொப் மேலே ஏறிக்கொண்டே போக லெப்டொப் நின்ற இடத்தில் நின்றது. பெயர் ஒன்றாகவே இருக்க, சாமான்கள் விலகிப்போனதற்குக் காரணம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இதைக் கேட்டதும் சிலர் மற்றப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். 200 வொட் கார்டு எங்கே, 100 வொட் கார்டு எங்கே, லெப்டொப் என்றால் பாதி வேகம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதுவும் சரியில்லை. சிப்பின் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் அதற்குக் கொடுக்கும் வோல்டேஜையும் கூட்ட வேண்டும். செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். அதனால் கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் கூடுதல் மின்சாரம் போகிறது. கல்முனை வீதியில் மோட்டார் சைக்கிளை 50இல் ஓட்டுவதற்கும் 90இல் ஓட்டுவதற்கும் பெற்றோல் எப்படி வித்தியாசப்படும் என்று யோசித்தால் விளங்கும். என் டெஸ்க்டொப் 4070ஐ நானே 200 வொட்டிலிருந்து 140க்கு இறக்கித்தான் ஓட்டுகிறேன். ரெண்டர் நேரம் கொஞ்சம் கூடுகிறது, ஆனால் அறையின் சூடும் காற்றாடிச் சத்தமும் நன்றாகக் குறைகிறது. லெப்டொப்காரர்கள் செய்வதும் இதையேதான், தொழிற்சாலையிலேயே செய்து அனுப்புகிறார்கள்.

ஆகவே கீழ் மட்டத்தில் லெப்டொப் அவ்வளவு நட்டம் இல்லை. 4060ஐ எடுத்துப் பாருங்கள். டெஸ்க்டொப்பிலும் லெப்டொப்பிலும் அதே ஏ.டி.107 சிப், அதே 3072 கோர்கள், அதே 8 ஜிபி, அதே 128 பிட். டெஸ்க்டொப் 115 வொட் எடுக்கும். ஒழுங்காகச் செய்த லெப்டொப்பும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் கொடுக்கும். இப்படிப்பட்ட லெப்டொப்பில் டெஸ்க்டொப் 4060க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் பிடிக்கலாம். பெயர் உண்மை பேசுகிற மட்டம் இதுதான். 50 தொடரில் இந்த மட்டத்திலும் கொஞ்சம் விலகிவிட்டது. டெஸ்க்டொப் 5060இல் 3840 கோர்கள், லெப்டொப் 5060இல் 3328. இருந்தாலும் 5070 அளவுக்கு மோசம் இல்லை. அங்கே டெஸ்க்டொப்புக்கு 6144 கோர்கள், 12 ஜிபி; லெப்டொப்புக்கு 4608 கோர்கள், 8 ஜிபி.

கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தும் முடிவெடுக்க முடியாது. 30 தொடரில் லெப்டொப் 3060இல் 3840 கோர்கள் இருந்தன, டெஸ்க்டொப் 3060இல் 3584. எண்ணிக்கையில் லெப்டொப்தான் மேலே. ஆனால் வேகத்தில் டெஸ்க்டொப் முந்தியது, ஏனென்றால் அதற்கு 170 வொட் கிடைத்தது. என்னைப் போன்ற வேலைக்காரருக்கு அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருந்தது. டெஸ்க்டொப் 3060க்கு 12 ஜிபி மெமரி, லெப்டொப் 3060க்கு 6 ஜிபி.

இந்த மெமரி விஷயத்தில் நான் கொஞ்சம் நின்றுதான் பேச வேண்டும், விளம்பரங்களில் யாரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஒரு வீட்டைப் படமாக்கும்போது சுவர் மட்டுமா வைக்கிறோம்? தென்னை, மா, வாழை, முற்றத்துப் புல், ஓட்டின் நிறம், மரக் கதவின் ரேகை எல்லாம் வேண்டும். மரங்களின் ஒவ்வொரு இலையும், சுவர், கதவின் மேல் ஒட்டுகிற ஒவ்வொரு டெக்ஸ்சர் படமும் கார்டின் மெமரிக்குள் போய் உட்கார வேண்டும். உட்கார இடம் இருக்கும் வரை கார்டு அதன் வேகத்தில் ஓடும். இடம் முடிந்தால் கொம்பியூட்டரின் சாதாரண ரம்மைக் கடன் வாங்கி ஆமை வேகத்துக்கு வரும், அல்லது மெமரி இல்லை என்று சிவப்பில் எழுதிவிட்டு நின்றுவிடும். கோர் குறைந்த கார்டு படத்தைப் பிந்தித் தரும். மெமரி குறைந்த கார்டு படத்தையே தராமல் விடும். 4K டெக்ஸ்சர்களை 2Kக்கு இறக்கி, தூரத்து மரங்களை எளிமையாக்கி ஒப்பேற்றலாம்தான், நானும் லெப்டொப்பில் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அது வேறு ஒரு வேலை, அதற்கு நேரம் வேண்டும்.

இதனால்தான் லெப்டொப் 4070ஐ யாருக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை. லெப்டொப் 4060க்கும் 8 ஜிபி, 4070க்கும் 8 ஜிபி, இரண்டுக்கும் 128 பிட் பாதை. இடையில் உள்ள காசுக்கு ரம்மை 32 ஜிபி ஆக்கலாம், நல்ல எஸ்.எஸ்.டி ஒன்று போடலாம். பிள்ளைக்கு அதனால் வரும் பயன் கூட. அதற்கு மேலே போக வசதி இருந்தால் 12 ஜிபி இருக்கிற மட்டத்துக்கே போங்கள். 40 தொடரில் அது லெப்டொப் 4080, 50 தொடரில் லெப்டொப் 5070 டிஐ. இடையில் நிற்பதில் பிரயோசனம் இல்லை.

இனி வொட் கணக்கு. ஒரே 4060 ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு லெப்டொப்களில் ஒன்று 45 வொட் கொடுக்கலாம், மற்றது 115 வொட் கொடுக்கலாம். பையில் வைத்தால் பாரமே தெரியாத மெல்லிய லெப்டொப்புக்குள் பெரும்பாலும் இருப்பது முதலாவது வகை. நிறைய வொட் கொடுக்கிற 4060, மூச்சுத் திணறுகிற மெல்லிய 4070ஐ முந்திவிடும். அதனால் "எந்தக் கார்டு" என்ற கேள்வியோடு "எத்தனை வொட்" என்ற கேள்வியையும் கடையில் கேளுங்கள். 2021இலிருந்து இந்த எண்ணை வெளியிடும்படி லெப்டொப் கம்பனிகளை என்விடியா கேட்டிருக்கிறது. கம்பனியின் இணையப் பக்கத்தில் டிஜிபி என்றோ, மக்ஸிமம் கிராபிக்ஸ் பவர் என்றோ தேடினால் கிடைக்கும். கடை விளம்பரத்தில் கிடைப்பது அருமை. லெப்டொப் கையில் இருந்தால் இன்னும் சுலபம். என்விடியா கண்ட்ரோல் பனலைத் திறந்து, கீழே சிஸ்டம் இன்போமேஷன் என்பதை அழுத்தினால் அந்த எண் எழுதியிருக்கும். காசு கொடுக்க முதல் இதைப் பார்க்கலாமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நல்ல கடைக்காரர் தானே திறந்து காட்டுவார்.

140 வொட் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம். 4060, 4070 லெப்டொப் கார்டுகள் வோல்டேஜ் எல்லையில் முட்டி 100 வொட்டைச் சுற்றியே நின்றுவிடுகின்றன. 100 வொட் கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும், அதற்கு மேலே உள்ளதற்குக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை.

வெளிநாட்டுச் சோதனைக் காணொளிகளில் காட்டுகிற வேகம் நம் ஊரில் கிடைக்குமா என்பது இன்னொரு கேள்வி. அவர்கள் 20 பாகையில் ஏசி போட்ட அறையில் இருந்து சோதிக்கிறார்கள். மட்டக்களப்பில் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது நிழலிலேயே 33, 34 பாகை. லெப்டொப்பில் சிபியுவும் கிராபிக்ஸ் சிப்பும் பெரும்பாலும் ஒரே செப்புக் குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் இரண்டும் சேர்ந்து சூடாகும். கார்டு 87 பாகையை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். என் லெப்டொப்பில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். முதல் ஐந்து பத்து நிமிடத்துக்கு டெஸ்க்டொப் 4060க்கு ஈடாக ஓடும். அரை மணித்தியாலம் தாண்டினால், அதுவும் மத்தியானமாக இருந்தால், பின்தங்கிவிடும். அதே பைலை இரவு பத்து மணிக்குப் போட்டால் பின்தங்குவது குறைவு. ஒரு நிலைப் படம் எடுப்பவருக்கு இது பொருட்டே இல்லை. வீட்டைச் சுற்றி நடந்து காட்டுகிற காணொளி செய்பவருக்கு இதுதான் எல்லாம், ஏனென்றால் அது மணித்தியாலக் கணக்கில் ஓட வேண்டிய வேலை.

செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. லெப்டொப்பின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வையுங்கள். கட்டில் விரிப்பின் மேல் வைத்து ரெண்டர் போடவே வேண்டாம், காற்று உள்ளே போகும் வழி அடியில்தான் இருக்கிறது. கச்சான் கொண்டுவரும் புழுதி செப்புக் குழாய் முடியும் இடத்தில் உள்ள மெல்லிய தகடுகளுக்கு இடையில் பஞ்சு மாதிரிப் படிந்துவிடும். அதை வருடம் ஒருமுறையாவது திறந்து துப்புரவு செய்ய வேண்டும், தெர்மல் பேஸ்டும் மாற்ற வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு. எனக்கு லெப்டொப் திறந்து தருகிற சாய்ந்தமருது நானா, கடற்கரை வீட்டு மெசின் எது, உள்ளூர் வீட்டு மெசின் எது என்று ஸ்குரூவின் துருவைப் பார்த்தே சொல்வார். என் டெஸ்க்டொப் பெட்டியின் வாயில்களில் மெல்லிய வலை போட்டிருக்கிறேன். கழற்றித் தட்டிவிட்டுப் போட ஒரு நிமிடம். இந்தச் சுலபம் லெப்டொப்பில் கிடையாது.

கரண்ட் விஷயத்தில் லெப்டொப்பின் பக்கம் நியாயம் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். அப்படியான நாட்களில் பைல் திறந்து வேலை செய்ய முடிந்தது லெப்டொப் வைத்திருந்தவர்களுக்குத்தான். டெஸ்க்டொப்புக்கு யுபிஎஸ் இருக்கலாம், ஆனால் சாதாரணமாக வாங்குகிற 650 விஏ யுபிஎஸ், 300 வொட் எடுத்துக்கொண்டு ரெண்டர் ஓடும் மெசினைச் சில நிமிடத்துக்குத்தான் தாங்கும். பைலைச் சேவ் பண்ணி ஒழுங்காக மூடுவதற்கு அது போதும், அதற்கு மேல் கேட்கக்கூடாது. பட்டறியில் லெப்டொப் ரெண்டர் ஓடுமா என்றால், ஓடும், ஆனால் சார்ஜரில் போட்ட வேகத்தில் ஓடாது. விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பட்டறிக்கு எல்லை 100 வொட்-மணி. அதனால் எவ்வளவு பெரிய லெப்டொப் ஆனாலும் பட்டறி அதற்குள்தான். கார்டு மட்டுமே 100 வொட் எடுத்தால் ஒரு மணித்தியாலம்கூட நிற்காது. ஆகவே சார்ஜரைக் கழற்றியதும் லெப்டொப் தானாகவே கார்டின் வொட்டைக் கிள்ளிவிடும். கையில் கொண்டுதிரிய வசதி என்று சின்ன டைப்-சி சார்ஜரை மட்டும் எடுத்துப் போகிறவர்களுக்கும் இதே கதிதான். அந்தப் பெரிய கறுப்புச் செங்கல் சார்ஜர் இருந்தால்தான் முழு வேகம்.

மெசின் எதுவாக இருந்தாலும், காணொளி ரெண்டர் போடும்போது ஒரே வீடியோ பைலாகப் போடாதீர்கள். ஒவ்வொரு பிரேமையும் தனித்தனிப் பிஎன்ஜி படமாக விழும்படி வையுங்கள். நடுவில் கரண்ட் போனால் விழுந்த படங்கள் அப்படியே இருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வீடியோ பைலாகப் போட்டால் பாதியில் நின்ற பைல் பெரும்பாலும் திறக்காது.

மின்சார பில்லைப் பற்றியும் கேட்கிறார்கள். முழு டெஸ்க்டொப்பும் 300 வொட் எடுத்தால் எட்டு மணித்தியாலத்துக்கு 2.4 யுனிட். லெப்டொப் 150 வொட் என்றால் 1.2 யுனிட். ஆனால் அதே வேலைக்கு லெப்டொப் கூட நேரம் ஓடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படம் ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக வராது. யுனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறுகிற பில் என்பதால், ஏற்கெனவே ஏசியும் ஓடுகிற வீடு என்றால் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

டெஸ்க்டொப்பின் உண்மையான பலம் நான் நினைக்கிறபடி வேகத்தில் இல்லை, மாற்ற முடிவதில்தான். 2022 செப்டம்பரில், கிராபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டு எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கிற மைனிங் நின்றதும் உலகம் முழுக்கப் பழைய கார்டுகள் சந்தைக்கு வந்தன. அதற்குப் பிறகுதான் நான் கொழும்பிலிருந்து ஒரு 3060 12 ஜிபி எடுத்தேன். ரூபாய் விழுந்து, டொலர் 200இலிருந்து 350க்கு மேலே போயிருந்த வருடம் அது. புதுச் சாமானைக் கண்ணால் பார்க்கவே பயம். அந்தக் கார்டு என்னை எத்தனையோ வீடு முடிக்க வைத்தது. பிறகு 4070 வாங்கியபோது பெட்டி, பவர் சப்ளை, ரம் எல்லாம் பழையதுதான், கார்டை மட்டும் கழற்றிப் புதியதைப் போட்டேன். பழைய 3060 கல்முனையில் கலியாண வீடியோ எடிட் பண்ணுகிற ஒரு தம்பியிடம் போய் இப்போதும் உழைக்கிறது. லெப்டொப்பில் கார்டு மதர்போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியது. வேகம் போதவில்லை என்றால் முழு லெப்டொப்பையும் மாற்ற வேண்டும். சிப்பில் கோளாறு வந்தால் முழு போர்டையும் மாற்ற வேண்டும். வாரண்டி முடிந்த பிறகு அப்படி ஒன்று நடந்தால் நானா தலையை ஆட்டிவிட்டுத் திருப்பித் தருவார்.

வாரண்டி என்றதும் இன்னொன்று. டோகாவிலோ டுபாயிலோ இருக்கும் மச்சான்மார் வரும்போது லெப்டொப் வாங்கி வருவது எங்கள் பக்கத்தில் வழக்கம். விலை குறைவு, உண்மைதான், கீபோர்டில் அரபு எழுத்தும் சேர்ந்து வரும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அந்த மொடலின் வாரண்டி இலங்கையிலும் செல்லுமா என்று வாங்க முதல் கேட்கச் சொல்லுங்கள். இங்கே செல்லாத வாரண்டி இருந்தும் பயன் இல்லை.

சரி, மருமகளுக்கு என்ன சொன்னேன்? அவள் பல்கலைக்கழகம் இருக்கும் கட்டுபெத்தையில் போர்டிங்கில் இருந்து படிக்கப் போகிறவள். ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோக வேண்டும், விடுமுறைக்கு ரயிலில் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். அவளுக்கு டெஸ்க்டொப் என்ற பேச்சுக்கே இடமில்லை. அண்ணா பார்த்த 4070ஐ விட்டுவிட்டு, 100 வொட்டுக்குக் குறையாத 4060, 32 ஜிபி ரம், கொஞ்சம் தடிப்பான, காற்றோட்டமான உடம்பு உள்ள லெப்டொப் ஒன்றைத் தேடச் சொன்னேன். மெல்லிசாக, வடிவாக இருந்த ஒன்றில் அவளுக்கு ஆசை. "மாமி, இது பையில வைக்க லேசா இருக்குமே" என்றாள். அந்த மொடலின் வொட்டை அவளையே தேடிப் பார்க்கச் சொன்னேன். கம்பனியின் பக்கத்தில் 60 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு அவளே அதை விட்டுவிட்டாள். அண்ணாவுக்கும் சந்தோஷம், நினைத்ததைவிடச் செலவு குறைந்தது.

ஊரிலேயே ஒரு மேசையில் இருந்து உழைக்கப் போகிறவர் என்றால் என் விடை மாறும். கட்டட வேலைக்காரர், கலியாண வீடியோக்காரர், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் வீட்டிலிருந்து போய்வருகிற மாணவர், இவர்களுக்கு அதே காசில் 12 ஜிபி மெமரி உள்ள டெஸ்க்டொப் கார்டு ஒன்றும், கையில் கொண்டுதிரிய ஒரு சாதாரணப் பழைய லெப்டொப்பும் என்று பிரித்து வாங்குவதுதான் சரி. கேம் விளையாட மட்டும் லெப்டொப் கேட்கிற தம்பிமார் மக்ஸ் ஸ்விட்ச் (MUX switch) இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் கார்டு வரைந்த ஒவ்வொரு பிரேமும் சிபியுவோடு இருக்கிற சின்னக் கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும், அதில் வேகம் கொஞ்சம் போகும். ரெண்டர் வேலைக்கு அதனால் பாதிப்பு இல்லை.

மருமகளின் லெப்டொப்புக்குள் அடங்காத பைல் வரத்தான் போகிறது. இரண்டாம் வருடத்தில் ஒரு பெரிய மண்டபமோ மரங்கள் நிறைந்த வளவோ செய்யச் சொன்னால் 8 ஜிபி போதாது. அதற்கும் வழி பேசி வைத்திருக்கிறோம். லெப்டொப்பில் கட்டி, சின்ன அளவில் பார்த்துத் திருத்தி, கடைசிப் படத்துக்கு மட்டும் பைலை எனக்கு அனுப்பினால் இரவு இங்கே 4070இல் ஓடவிட்டுக் காலையில் திருப்பி அனுப்புவேன். ஒன்றை மட்டும் அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். அனுப்ப முதல் பிளெண்டரில் பக் ரிசோர்சஸ் (Pack Resources) என்பதை அழுத்தி டெக்ஸ்சர் எல்லாவற்றையும் பைலுக்குள் கட்டிவிட வேண்டும். அதை விட்டுவிட்டு அனுப்பினால், சுவர், கூரை ஓடு, புல் எல்லாம் கடும் ரோஸ் நிறத்தில்தான் வரும்.